நீள்சதுரத்தின் பக்கங்களும் காரணிகளும்

பேராக் மாநிலத்துத் தாப்பா வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பரவிய நாளில் நிலத்தை ஏக்கராலும் சங்கிலியாலும் அளந்தனர். ஒரு சங்கிலி 66 அடி. 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். 1620ஆம் ஆண்டளவில் எட்மண்ட் கன்டர் என்னும் ஆங்கிலேயர் வகுத்த அளவு இது. மெட்ரிக் முறை வந்தபின் சங்கிலி வழக்கொழிந்தது. ஆயினும், இயற்கணிதம் கற்பிக்க அது இன்றும் ஏற்ற கருவியாகும்.

நீள்சதுரமான பால்மரக் காடு ஒன்றின் பரப்பு 10 ஏக்கர், அதாவது 100 சதுரச் சங்கிலி. நீளம் அகலத்தைவிட 15 சங்கிலி மிகுதி. பக்கங்கள் யாவை?

அகலத்தை 'அ' எனக் கொள்வோம். நீளம் அ + 15. ஆகவே, அ(அ + 15) = 100; அஃதாவது அ² + 15அ − 100 = 0. பெருக்கினால் −100, கூட்டினால் 15 தரும் இரண்டு எண்கள் 20, −5 என்பன. எனவே (அ + 20)(அ − 5) = 0. பெருக்கம் பூச்சியமாயின் காரணிகளுள் ஒன்றேனும் பூச்சியமாதல் வேண்டும். ஆதலால் அ = 5 அல்லது −20. அகலம் 5, நீளம் 20 சங்கிலி.

−20ஐ ஏன் விலக்குகிறோம்? குறை அகலம் நிலத்தில் இல்லை. மக்கள் குறை எண்ணை ஏற்பதில்லை என்று 1150 அளவில் எழுதிய பீஜகணிதத்தில் பாஸ்கராச்சாரியாரும் குறிப்பிடுகிறார். எனினும் அவ்வெண் வீணன்று. நீளத்தை 'நீ' எனக் கொண்டு நீ(நீ − 15) = 100 என்று தொடங்கினால் விடைகள் 20, −5 ஆகும். முன்பு விலக்கிய எண்ணே குறி மாறி நீளமாய் வருகிறது! மாணவர் இதைத் தாமே காணும்படி செய்தல் நன்று.

இதனால் பயன் என்னையெனின், இக்காட்டுக்கு வேலி 50 சங்கிலி வேண்டும். அதே 10 ஏக்கர் சதுரமாயின் 40 போதும். பரப்பு ஒன்றே, வேலியோ 660 அடி கூடுகிறது. பரப்பை மட்டும் அறிந்தவன் வேலிச்செலவைக் கணிக்க முடியாது.

வேறுபாடு 14 சங்கிலியாயின் முழுவெண் காரணிகள் கிட்டா. அப்போது இருபுறமும் 49 கூட்டி, (அ + 7)² = 149 என வர்க்கமாக்க வேண்டும்; அகலம் ஏறத்தாழ 5.2 சங்கிலி. காரணி கிடைக்காத கணக்கு விடையற்ற கணக்கு அன்று. இவ்வுண்மையையும் உடன் கற்பித்தாலன்றி, காரணிப்படுத்தல் வெறும் மனப்பாடமாகவே நின்றுவிடும்.