சம்பங்கிக் கிழங்கு பார்சலில் வருகிறதா?



வெளியூர்க் கிழங்குக்குப் பணம் கட்டும் முன் கிணற்றுத் தண்ணியைப் பரிசோதியுங்கள். நொய்யலில் சாயக்கழிவு கலந்ததால் 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது ஞாபகம் இருக்கும். கரையோரக் கிணறுகள் பலவற்றில் உப்பேறியது. உப்புத் தண்ணி சம்பங்கிக்கு ஆகாது.

பார்சல் வந்த அன்றே சாக்கைப் பிரித்து, கிழங்கை நிழலில் பரப்புங்கள். கட்டியே வைத்தால் புழுங்கி அழுகிவிடும். வேரில் முடிச்சு இருந்தால் அது நூற்புழு, கழித்துவிடுங்கள். தோட்டத்துக்குள் புகுந்தால் லேசில் போகாது. தோண்டி 30 நாள் ஆறிய, 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்கே விதைக்கு ஏற்றது.

ஆனி, ஆடியில் நிலத்தை நனைத்து, 45-க்கு 20 சென்டிமீட்டர் இடைவெளியில், 2.5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். ஊன்றியதும் ஆசைக்குத் தண்ணி கட்டாதீங்க, கிழங்கு அழுகிப்போகும். முளை தெரிந்த பிறகு வாரம் ஒரு தண்ணி போதும்.