நம்மை நாம் அறிவோமா?

மருதமுனை தொடக்கம் நிந்தவூர் வரையுள்ள கடற்கரையிலே கரைவலை இழுப்பதைப் பார்த்து நில்லாதவர் இப்பகுதியில் இரார். இருபுறமும் வரிசையாய் நின்று கயிற்றைப் பற்றிப் பின்னோக்கி நடப்பர். ஒருவர் குரல் கொடுக்க மற்றையோர் ஏற்றுக் குரல் கொடுப்பர். எல்லோர் கையிலும் கயிறு இருக்கும். எல்லோரும் தம்மால் இயன்ற அளவு இழுக்கின்றனரா என்பது கரையில் நிற்கும் நமக்குத் தெரியாது. இழுப்பவருக்கேனும் அது தெரியுமா என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினா.

றிங்கல்மான் என்னும் பிரெஞ்சு வேளாண்மைப் பொறியியலாளர் இதனை அளந்தே பார்த்துவிட்டார். 1913 இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, தனித்து இழுப்பவனின் வலிமையை 100 என்று கொண்டால், இருவர் சேரும்போது ஆளுக்கு 93 ஆகிறது. மூவர் சேரும்போது 85. எண்மர் சேரும்போது 49 தான். பலர் சேரும்போது இழுப்பின் தாளம் பிசகுவது இதற்குக் காரணமாகலாம் அன்றோ? அதனையும் 1974 இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் சோதித்தனர். ஒருவனுடைய கண்ணைக் கட்டி, பின்னால் வேறு சிலரும் இழுக்கின்றனர் என்று நம்பச் செய்து, அவனை மட்டும் இழுக்க விட்டனர். தாளம் பிசகுவதற்கு அங்கே வேறெவரும் இல்லை. ஆயினும் வலிமை குறைந்தது. அங்கே பங்குபோட மீனும் இருக்கவில்லை!

கடற்கரையை விட்டு வீட்டுக்கு வருவோம். 1979 இல் றொஸ், சிக்கோலி என்னும் இரு ஆய்வாளர்கள் முப்பத்தேழு தம்பதியரை அழைத்து, சமையல், துப்புரவு, பிள்ளை பராமரிப்பு முதலான இருபது காரியங்களில் ஒவ்வொருவரும் தாம் ஏற்கும் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே குறிக்கச் செய்தனர். கணவன் பங்கையும் மனைவி பங்கையும் கூட்டினால் பெரும்பாலான காரியங்களில் முழுமைக்கும் மேலே போயிற்று. இதைக் கேட்டு இல்லத்தரசியர் சிரிப்பார்கள். சிரிப்பதற்கு அவர்களுக்கு நியாயமும் உண்டு. ஆயின் அந்த ஆய்வில் வியப்பான செய்தி வேறொன்று. வீட்டில் சச்சரவை மூட்டுவது போன்ற தீய காரியங்களிலும் கணவனும் மனைவியும் தமக்கு உரியதற்கு மேலாகவே பங்கு எடுத்துக்கொண்டனர். தற்பெருமை ஒன்றே காரணமானால் அங்கே பங்கைக் குறைத்தன்றோ சொல்லியிருக்க வேண்டும்? நாம் செய்தது நம் கண்முன் நிற்கிறது. பிறர் செய்தது அவ்வாறு நிற்பதில்லை. நம்மைப் பற்றிய நமது கணக்குப் பிழைப்பதற்கு நாம் கெட்டவராய் இருக்க வேண்டுமென்பதில்லை.

பிரான்சு நாட்டுப் பிரபுவாகிய லா றொஷ்பூக்கோ 1665 இல் வெளியிட்ட நூலில், நாம் நற்பண்பு என்று கொண்டாடுவனவற்றின் பின்னே தன்னலம் ஒளிந்திருக்கிறது என்று வாதித்தார். படிக்கச் சுவையான நூல்தான். ஆனால் பசித்தவனுக்குச் சோறு கொடுப்பவனும் தன்னலக்காரன், அதைப் பறிப்பவனும் தன்னலக்காரன் என்றால், அச்சொல்லுக்குப் பொருளே இல்லாது போய்விடுகிறது. வள்ளுவரும் கூடாவொழுக்கம் என ஓர் அதிகாரம் வகுத்தார். எனினும் அங்கே வரும் வேடதாரி தன் வேடத்தைத் தானே அறிந்தவன். அறியாமலே வேடம் பூண்டவனை என் செய்வது?

இவ்விடத்தில் நம் அயலவராகிய முஸ்லிம் மக்கள் நன்கறிந்த ஒரு பெரியாரை நினைக்க வேண்டும். இமாம் கஸ்ஸாலி 1058 இல் பாரசீகத்துத் தூஸ் நகரிலே பிறந்தவர். 1091 இல் பக்தாதின் நிசாமியா கல்லூரியில் ஆசிரியரானார். முந்நூறு மாணவர் சூழ்ந்திருக்க, ஆட்சியாளரும் மதிக்க, அவர் புகழ் ஓங்கியிருந்த காலம் அது. பிறர் எவரும் அவரைக் குறை கூறவில்லை. அவரே தம்மைச் சோதித்தார். தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, பேருக்காகவா என்று தம்மைக் கேட்டு, பேருக்காகவே என்ற விடையைக் கண்டார். ஆறு மாதம் தத்தளித்தார். ஒருநாள் போக முடிவு செய்வார், மறுநாள் அம்முடிவை மாற்றுவார். ஈற்றில் நாவே எழாது போயிற்று, வைத்தியரும் கைவிட்டனர். 1095 இல் எல்லாவற்றையும் துறந்து பக்தாதை விட்டு வெளியேறினார். பின்னர் அவர் எழுதிய இஹ்யா என்னும் பெருநூலிலே முகஸ்துதியை, அதாவது பிறர் காண வேண்டுமென்று நன்மை செய்வதை, அவர் அக்கு வேறு ஆணி வேறாக ஆராய்ந்திருப்பதற்கு இந்த அனுபவமே உரமாயிற்று எனலாம்.

கதை இத்துடன் முடியவில்லை. பத்தாண்டு கழிந்தபின், 1106 இல், அவர் நீசாப்பூரில் மீண்டும் கற்பிக்கலானார். தாம் திரும்பியது போலத் தோன்றினும் உண்மையில் திரும்பவில்லை என்றும், முன்பு புகழைத் தேடித்தரும் கல்வியைக் கற்பித்ததாகவும், இப்போது புகழைத் துறக்கும் கல்வியைக் கற்பிப்பதாகவும் தன்வரலாற்றில் விளக்கம் தருகிறார். ஐயப்படுவோன் இங்கே புன்னகை செய்யக்கூடும். ஆனால் இலக்கை அடைவேனோ இல்லையோ அறியேன் என்றும் அவரே கூறிவிடுகிறார். அந்த ஒரு கூற்றுக்காகவே அவருடைய விளக்கத்தை நாம் நம்புகிறோம்.

இனி நமது கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினம். இலங்கை முழுவதிலும் 30,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்ற கடற்கோள், அம்பாறை மாவட்டத்திலேயே மிகுதியாகப் பலி கொண்டது. இங்கு மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என நம் ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டியவை. ஓர் ஊர் எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்பது புதியவருக்குப் புலப்படாது. அலைக்கும் அன்று அது புலப்படவில்லை. முஸ்லிம் தமிழனைத் தூக்கினான், தமிழன் முஸ்லிமைத் தூக்கினான். உள்நாட்டுச் சிங்கள ஊர்களிலிருந்து சோற்றுப் பார்சல்கள் வந்தன. இதே கரையில் 1990 இல் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் அஞ்சி, அயல் ஊருக்குள் கால் வைக்கத் தயங்கிய நாட்கள் உண்டு. அந்த மனிதரும் இந்த மனிதரும் வேறு வேறானவர் அல்லர்.

எது நமது உண்மை முகம்? 1973 இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஓரளவு ஒளி தருகிறது. பிரின்ஸ்டனில் இறையியல் பயிலும் மாணவர் நாற்பதின்மரை ஒரு கட்டிடத்திலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பினர். வழியில் ஒருவன் முனகியவாறு சாய்ந்து கிடக்கும்படி ஏற்பாடு. அவசரமில்லாமற் சென்றவருள் நூற்றுக்கு 63 பேர் உதவினர். மிக்க அவசரத்துடன் சென்றவருள் நூற்றுக்கு 10 பேரே உதவினர். அவர்களுட் சிலர் பேசப் போன பொருள் என்ன தெரியுமா? வழியிற் கிடந்தவனுக்கு உதவிய சமாரியன் கதை! கடற்கோளன்று நம்மில் எவருக்கும் போகவேண்டிய வேறு இடம் இருக்கவில்லை. அவசரமெல்லாம் கடலோடு போயிற்று.

பின்னர் அவசரம் திரும்பி வந்தது. பட்டியல்களும் படிவங்களும் வந்தன. அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில், சவூதி அரேபியாவின் உதவியுடன், கடற்கோளால் வீடிழந்தோருக்கென 500 வீடுகள் எழுந்தன. அவை யாருக்கு உரியவை என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2009 இல் தீர்ப்பு வந்த பின்னரும் பத்தாண்டுக்கு மேலாக அவை குடியேறுவாரின்றிக் கிடந்தன; முற்றத்தில் பற்றை வளர்ந்தது. வழக்காடியவர் தரப்பிலும் நியாயம் இருந்தது, எதிர்த்தவர் தரப்பிலும் நியாயம் இருந்தது. வீடில்லாதவர் மட்டும் வீடில்லாமலே இருந்தனர்.

தன் இனத்தைப் பற்றிக் கேட்டால் ஒருவன் 2004 ஐச் சொல்கிறான். மற்ற இனத்தைப் பற்றிக் கேட்டால் 1990 ஐச் சொல்கிறான். மேலே கண்ட தம்பதியர் கணக்கைப் போல, இதிலும் எவரும் பொய் சொல்வதில்லை.

வகுப்பிலே நுரைச்சோலைக் கதையைச் சொன்னால், “பிழை யார் பக்கம், சேர்?” என்றே மாணவர் முதலிற் கேட்பர். கேட்பவன் எந்த ஊரிலிருந்து வருகிறான் என்பதைக் கொண்டு, அவன் எதிர்பார்க்கும் விடையை நாம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். எமது ஊரும் அவனுக்குத் தெரியும். நாம் சொல்லப்போகும் விடையைத் தானும் அறிவேன் என்பது போல அவன் நம்மைப் பார்ப்பான்.