நான்கு மாத இரவில் ஒரு குடும்பப் பெண்

அடுப்பு ஒருநாள் புகைந்தாலே நமக்குப் பொறுமை போய்விடுகிறது. புகை கக்கும் அடுப்பொன்றோடு, சூரியனே உதிக்காத நான்கு மாதங்களைக் கழித்த ஒரு பெண்மணியின் கதை இது.

கிறிஸ்டியானே றிட்டர் ஒஸ்திரியாவைச் சேர்ந்த ஓவியர். வசதியான வீட்டுப் பெண். ஒரு மகளுக்குத் தாய். கணவர் ஹேர்மனோ வடதுருவத்தை அண்டிய, நோர்வேக்குச் சொந்தமான ஸ்பிட்ஸ்பேர்கன் தீவில் வேட்டையாடிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடு என்று அவர் எழுத, 1934 கோடையில் மகளை ஊரில் விட்டுவிட்டுக் கப்பலேறினார். எத்தனை தாய்மாருக்கு அந்தத் துணிவு வரும்? வரத்தான் வேண்டுமா என்று கேட்பவர்களும் இருப்பார்கள்.

அந்தத் தீவுக்கூட்டத்தின் பாதிக்கு மேற்பட்ட நிலத்தைப் பனியாறுகள் மூடிக்கிடக்கின்றன. மலையிலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து இறங்கும் பனிக்கட்டித் திரளையே பனியாறு என்கிறார்கள். வடகரையில், கிறோஹூக்கன் என்னும் வெறும் கல்முனையில், 1928இல் கட்டப்பட்ட சிறு பலகைக் குடிலே இவர்களின் வீடு. கணவர், காள் என்ற நோர்வே வேட்டைக்காரர், இவர் என மூவர். அதனால் இவருக்கென்று மிகச் சிறிய அறையொன்றைத் தனியே சேர்த்துக் கட்டினார்கள். அங்கே மரம் முளைப்பதில்லை. பலகைக்கும் விறகுக்கும், தூரத்துச் சைபீரிய ஆறுகள் கடலில் தள்ளி, அலை கரையொதுக்கும் மரங்களே கைகொடுத்தன.

குளிர்காலத் தொடக்கத்தில் ஆண்கள் இருவரும் வேட்டைக்குப் போன சமயம் பெரும் புயல் அடித்தது. நாட்கணக்காகத் தன்னந்தனியே இருந்தார். குடில் பனிக்குள் புதைந்தது. அடுப்பு அணைந்தால் உயிரில்லை. விறகு எடுக்கக் கதவைத் திறப்பதென்றால் முதலில் பனியை வெட்டி வழியெடுக்க வேண்டும். வெட்டிய இடம் மறுபடி மூடிக்கொள்ளும், மறுபடி வெட்டினார்.

ஒக்டோபரில் மறைந்த சூரியன் பெப்ரவரியில்தான் திரும்பியது. குளிரைவிட அந்த இருட்டுத்தான் பொல்லாதது என்பது வேட்டைக்காரர் அனுபவம். தனிமையில் புத்தி பேதலித்து வெளியே நடந்து போய்விடுவோரும் உண்டாம். நிலா வெளிச்சத்தில் இவருக்கும் அப்படியொரு மயக்கம் பிடிக்க, தனியே வெளியில் போகவிடாமல் ஆண்கள் காவல் காத்தார்கள். சமைப்பதும் தைப்பதும் துப்புரவு செய்வதுமாக நாளை நகர்த்தினார். நாம் சலித்துக்கொள்ளும் இதே வீட்டு வேலைதான்!

குடிலைச் சுற்றி வந்த நரியொன்றுக்கு மிக்கல் என்று பெயரிட்டார். நரித்தோலுக்காகவே அங்கு வந்த ஆண்களிடம், இதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று மன்றாடவும் செய்தார்.

1935 கோடையில் ஊர் திரும்பி, 1938இல் தன் அனுபவத்தை நூலாக்கினார். அது ஒன்றே அவர் எழுதிய நூல். 2000ஆம் ஆண்டு, தமது 103ஆவது வயதில் காலமானார். குடில் இன்னும் அந்தக் கல்முனையில் நிற்கிறது.