‘தில்லு முல்லு’ மறுஆக்கத்தில் மீசையும் கண்ணும்: தொல்காப்பிய நகைக் கோட்பாட்டு நோக்கு

முன்னுரை

பழைய வெற்றிப்படம் ஒன்றை மறுஆக்கம் செய்யும்போது அதன் கதை எளிதில் கைமாறுகிறது. நகைச்சுவை அவ்வாறு கைமாறுவதில்லை. ரிஷிகேஷ் முகர்ஜி இயக்கிய ‘கோல்மால்’ (1979) என்னும் இந்திப் படத்தைத் தழுவிக் கே. பாலசந்தர் ‘தில்லு முல்லு’ (1981) படத்தை உருவாக்கினார். அதே பெயரில் பத்ரியின் இயக்கத்தில் 2013ஆம் ஆண்டு மற்றொரு படம் வெளிவந்தது. இவ்விரு தமிழ்ப் படங்களிலும் நகை தோன்றும் களம் எவ்வாறு மாறியுள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நகையின் நிலைக்களன்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினை நகைக்குரிய களன்களாகக் கூறுகிறது. இவற்றுள் பேதைமை அறிவின்மையையும், மடன் ஒருவர் உணர்த்தியதைக் கொண்டு அதனை விடாது பற்றி நிற்றலையும் குறிக்கும் என்பர் உரையாசிரியர். ‘தில்லு முல்லு’ படத்தின் முதலாளி அறிவிலி அல்லர், தொழிலில் தேர்ந்தவர். ஆயினும் மீசையில்லாதவனிடம் ஒழுக்கம் இராது என்னும் கருத்தைக் கைவிட மறுக்கிறார். எனவே அவரால் விளையும் நகை மடன்வழிப்பட்டதாகும்.

1981: மீசை

வேலை தேடும் இந்திரன் முதலாளியின் விருப்பத்திற்கேற்ற தோற்றத்துடன் பணியில் சேர்கிறான். பொய் வெளிப்படும் நிலை வரும்போது, மீசையற்ற தம்பி சந்திரன் ஒருவன் இருப்பதாகக் கூறித் தப்புகிறான். மீசையுடனேயே அறியப்பட்ட ரஜினிகாந்த் அதனை நீக்கி நடித்தது நகையை மிகுவித்தது. தேங்காய் சீனிவாசன் முதலாளியாக நடித்தார்.

உரிமையாளரே நேரில் நடத்தும் தொழிலில் பணியாளரின் தகுதியை மதிப்பிடுபவரும் அவரே. திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட் போன்ற வணிகப் பகுதியின் மண்டியில் முதலாளி கல்லாவில் அமர்ந்திருக்க, கணக்கர் அவர் கண்பார்வையில் பணிபுரியும் முறையை இங்கு ஒப்புநோக்கலாம். அத்தகைய சூழலில் கணக்குத் தெரிந்திருத்தல் மட்டும் போதாது. நம்பத்தக்கவன் என்னும் தோற்றமும் வேண்டும். தமிழ்ச் சமூகத்தில் மீசை ஆண்மை, மானம் ஆகியவற்றின் குறியாக இருந்துவருவதால், முதலாளியின் பிடிவாதத்தைக் கண்டு சிரிக்கும் பார்வையாளரும் அந்நம்பிக்கையில் ஓரளவு பங்குடையவராகிறார்.

2013: கண்

சிவா நாயகனாகவும் பிரகாஷ்ராஜ் முதலாளியாகவும் நடித்த மறுஆக்கத்தில் இரட்டையரை வேறுபடுத்துவது கண்ணின் நிறமாகும். மீசையின்மை இயல்பாகிவிட்ட காலத்தில் இம்மாற்றத்தின் தேவை புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும் மீசை ஆற்றிய பணிகள் இரண்டு: ஒன்று, ஆளை வேறுபடுத்துதல், மற்றொன்று, அவன் ஒழுக்கத்தை மதிப்பிடுதல். கண்ணின் நிறம் முதற்பணியை மட்டுமே செய்கிறது. அதன் பின்னால் சமூக நம்பிக்கை எதுவும் இல்லை. ஆதலின் மடன் தன் பற்றுக்கோட்டை இழக்க, ஆள்மாறாட்டக் குழப்பமே நகைக்குக் களனாகிறது.

காதல் நிகழ்வில் செய்யப்பட்ட மாற்றம் வேறு வகையானது. முந்தைய படத்தில் சந்திரன் முதலாளியின் மகளுக்கு இசை கற்பிக்கிறான். கட்டுப்பாடான வீட்டில் இளையோர் இருவர் பழகுவதற்கு அப்பயிற்சி தடையற்ற வாயிலாக அமைந்தது. பிந்தைய படத்தில் கராத்தே அவ்விடத்தைப் பெறுகிறது. பெண் தன்னைக் காத்துக்கொள்ளக் கற்க வேண்டும் என்னும் காலத்தின் எண்ணம் இதில் உள்ளது. இங்குப் பொருள் மாறியும் பணி மாறவில்லை.

முடிவுரை

மறுஆக்கத்தில் பழைய பொருளுக்கு ஈடாகப் புதிய பொருளைக் கண்டறிவது மட்டும் போதாது. அப்பொருள் தாங்கிய நம்பிக்கைக்கும் ஈடு காண வேண்டும். இசையை விடுத்துக் கராத்தேயைக் கொண்டபோது அது கைகூடியது. மீசையை விடுத்துக் கண்ணைக் கொண்டபோது கைகூடவில்லை. மறுஆக்கப் படங்களை ஆராய்வோர் கதை ஒப்புமையோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு காலத்துப் பார்வையாளரும் எந்த நம்பிக்கையைக் கண்டு, அதனைத் தமதாகவும் உணர்ந்து சிரித்தனர் என்பதையும் நோக்குதல் பயன்தரும்.