ஏசிக்குள் ஓர் இடியப்பப் பானை

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால் திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று என்று கரையோர வீடுகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது: "ஏசி ஓடுது, குளிர் இல்ல. கேஸ் முடிஞ்சிருக்கும்." அடுப்புக் கேஸ் எரிந்து தீரும். ஏசி ஓடும்போது அதன் கேஸ் எரிக்கப்படுவதில்லை. அதனால் தீர்வதும் இல்லை. ஏனென்று அறிய, இடியப்பம் அவிக்கும் பானையைப் பார்த்தால் போதும்.

பானையில் நடப்பது

தண்ணீர் கொதித்த பிறகு நெருப்பை எவ்வளவு கூட்டினாலும் அதன் சூடு 100 பாகைக்கு மேல் ஏறாது. வெப்பமெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே போகிறது. 30 பாகையிலுள்ள ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பத்தைப்போல் 7 மடங்குக்கு மேல் வேண்டும், அதை முழுதாக ஆவியாக்க. அந்த வெப்பத்தை ஆவி சுமந்துபோய் மூடியில் இறக்கிவிட்டு, நீராகிக் கீழே விழுகிறது. கீழே ஏற்றி மேலே இறக்கும் இந்தச் சுமைகூலி வேலையைத்தான் ஏசியும் செய்கிறது. அது குளிரை உண்டாக்குவதில்லை. அறையின் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது.

அறையே அடுப்பு

ஏசிக் குழாயில் ஓடுவது தண்ணீரல்ல. இப்போது வரும் பல ஏசிகளில் உள்ள ஆர்-32, சாதாரண வளியமுக்கத்தில் -52 பாகை அளவிலேயே கொதித்துவிடும். சுவரில் தொங்கும் பெட்டிக்குள் அது 5 முதல் 10 பாகை வரையில் கொதிக்கும்படி அமுக்கம் வைக்கப்பட்டிருக்கும். அதற்கு நம் அறையின் 30 பாகைக் காற்றே நெருப்பு. வெப்பத்தைப் பறிகொடுத்த காற்று குளிர்ந்து நம்மீது வீசுகிறது. கடற்காற்றின் ஈரம் அந்தக் குளிர்ந்த குழாயில் பட்டு நீராகும். வெளியே சொட்டும் தண்ணீர் அதுதான்.

வெளிப்பெட்டியே மூடி

திருக்கோவிலில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகை அளவிலேயே கொதிக்கும். அங்கே வளியமுக்கம் குறைவு. அமுக்கம் கூடினால் கொதிநிலையும் கூடும்.

வெளிப்பெட்டியிலுள்ள கொம்பிரசர் இதைத்தான் பயன்படுத்துகிறது. ஆவியை இறுக்கி அமுக்கத்தை ஏற்றிவிட்டால், 45, 50 பாகையிலேயே அது திரவமாகத் தயார். வெளியே 34 பாகை வெயிலடித்தாலும் அதைவிட ஆவி சூடு என்பதால் வெப்பம் வெளிக்காற்றில் இறங்கிவிடும். பிறகு திரவம் ஒடுக்கமான ஒரு வழியால் புகும்போது அமுக்கம் சட்டென விழும். குளிர்ந்து, மறுபடி அறைக்குள் கொதிக்கப் போகும்.

ஓட்டத்தைத் திருப்பிவிடும் வால்வு உள்ள ஏசியால் நுவரெலியா வீட்டைச் சூடாக்கவும் முடியும். அப்போது வெளிக்காற்று அடுப்பாகும், அறை மூடியாகும். வெளியே 10 பாகைக் குளிர் என்றாலும், அதைவிடக் குளிர்ந்த குழாய்க்கு எடுத்துக்கொள்ள அந்தக் காற்றில் வெப்பம் இருக்கிறது.

சேர்விஸில் பார்க்க வேண்டியது

குளிர் குறைந்தால் முதலில் வெப்பம் போகும் வழியைப் பாருங்கள். உள்ளே பில்டரில் தூசி அடைத்தால் அடுப்பின் சூடு பானைக்குச் சேராது; குழாயில் ஐஸ்கூடப் பிடிக்கலாம். வெளியே உப்புக் காற்று அலுமினியத் தகடுகளை அரித்து அடைத்தால் மூடி ஆறாது. கொம்பிரசர் மூச்சுமுட்டி ஓடும், கரண்ட் பில் ஏறும். இரண்டிலும் கேஸ் முழுதாகத்தான் இருக்கும். பில்டரை மாதம் ஒருமுறையாவது கழுவுங்கள். கடலுக்குக் கிட்ட வீடென்றால், கரண்டை நிற்பாட்டிவிட்டு வெளித்தகடுகளை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுவது நல்லது. வேகமாகப் பீச்சினால் தகடு மடங்கும்.

கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. அதை அடைக்காமல் அடிக்கும் கேஸ் அதே வழியால் போய்விடும். போவது காசு மட்டுமல்ல: 100 ஆண்டுக் கணக்கில், ஆர்-32 பூமியைச் சூடாக்கும் வலு அதே எடையுள்ள காபனீரொட்சைட்டைப்போல் 675 மடங்கு. ஆகவே கேஸ் அடிக்க வருபவரிடம், "தம்பி, எந்த இடத்தால கசியுது?" என்று கேளுங்கள். அந்த இடத்தைக் காட்டி, அடைத்த பிறகு கேஸ் அடிக்கட்டும்.