ஒரே வேலையா, ஒன்பது வேலையா? கோவைப் பட்டறை சொல்லும் பாடம்!

கோவை,

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்பார்கள் பெரியவர்கள். கோவைப் பட்டறைகளிலும் அதுதான் சட்டம். டர்னர் என்றால் டர்னர்; மோல்டர் என்றால் மோல்டர்; மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் காயில் மட்டுமே கட்டுவார். கை தேறினால் தனி மவுசு!

அந்த மவுசு எத்தனை நாளைக்கு?

வந்தது எந்திரம்

கம்ப்யூட்டர் சொல்கிறபடி தானே கடைசல் பிடிக்கும் சி.என்.சி. எந்திரம் பட்டறைக்குள் நுழைந்தது. கைப்பிடி சுற்றியே பழகிய டர்னருக்கு "திக்" என்றது. புரோகிராம் போடக் கற்றவர் அந்த எந்திரத்துக்கே எசமான் ஆனார். கற்காதவர் பழைய லேத் இருக்கிற பட்டறையைத் தேடிப் போனார்.

இதிலே ஒரு விஷயம். எந்த இரும்பை எந்த வேகத்தில் வெட்டினால் டூல் உடையாது என்பது பழைய டர்னருக்கு அத்துப்படி. அது தெரியாமல் பட்டனை மட்டும் அமுக்குகிறவர் பாடும் திண்டாட்டம்தான்!

மூன்றாம் வகுப்பு மேதை

நம்ம ஜி.டி.நாயுடுவைப் பாருங்கள். 1893-ல் கலங்கலில் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு சரி. ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துச் சேர்த்த காசில் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதை அக்கு அக்காகப் பிரித்து மறுபடியும் பூட்டினார். 1920-ல் பொள்ளாச்சி-பழனி பஸ். அப்புறம் மின்சார ரேசர் வரை கை வைக்காத தொழில் இல்லை!

அவரும் எல்லாவற்றையும் தனியாளாகச் செய்துவிடவில்லை. 1937-ல் இந்தியாவின் முதல் மின் மோட்டாரை உருவாக்கியபோது, டெக்ஸ்டூல் பாலசுந்தரம் நாயுடு கூட இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

"கோபால்" எங்கே?

2010-ல் திறந்த விளாங்குறிச்சி டைடல் பார்க்கில் கம்ப்யூட்டர் தட்டும் பிள்ளைகளுக்கும் இதே கவலைதான். ஒரு கம்ப்யூட்டர் மொழியை மட்டும் நம்பலாமா?

2020 கொரோனா சமயம். அமெரிக்காவில் நியூஜெர்சி கவர்னர் "கோபால்" தெரிந்தவர்கள் வேண்டும் என்று பகிரங்கமாகவே கேட்டார். ஆள் பெயர் அல்ல, 1959-ல் பிறந்த கம்ப்யூட்டர் மொழி! வேலையிழந்தவர்களின் மனுக்கள் குவிந்து, 40 வருடப் பழைய கம்ப்யூட்டர்கள் திணறின. ஓரங்கட்டப்பட்ட கிழவர்களுக்கு ஒரே நாளில் கிராக்கி!

ஆனால் அப்படி ஒரு நாள் வரும் என்று நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா?

ஆக, ஒரு மரத்தை ஒழுங்காக வெட்டத் தெரியணும். பக்கத்து மரத்திலும் கொஞ்சம் உளி வைத்துப் பழகணும். என்னங்க, சரிதானுங்களே?