வீட்டில் பாம்பு குடியிருந்தால்

பாம்பு மனிதனைத் தேடி வீட்டிற்குள் வருவதில்லை. எலி, தவளை, பல்லி ஆகிய இரைகளைத் தேடியும், வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இடம் நாடியுமே வருகிறது. நெல் மூட்டையும் நிலக்கடலை மூட்டையும் உள்ள வீட்டிற்கு எலி வரும்; எலி பெருகிய வீட்டிற்குப் பாம்பும் ஒருநாள் வந்து சேரும். உழவர் வீட்டில் வைக்கோற்போரும் விறகடுக்கும் அதற்குப் புகலிடம். நெசவாளர் வீட்டிலோ தறிக்குழியே புகலிடம். இருளும் குளிர்ச்சியும் பொருந்திய அக்குழியில் காலை விட்டு நாள் முழுதும் மிதியை மிதிப்பவர், தமக்கு முன்னரே அங்கு ஏதேனும் குடிபுகுந்துள்ளதா என்று பார்த்து அமர்வது நலம்.

இதனை அற்ப விஷயமாகக் கருதுதல் கூடாது. 2000ஆம் ஆண்டு முதல் 2019ஆம் ஆண்டு வரை நம் நாட்டில் சுமார் 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டுள்ளது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். அதாவது, நம் சங்கங்களின் அங்கத்தினர்களைப் போன்றவர்கள்.

நம் ஊர்ப் பாம்புகளில் பல நஞ்சற்றவை. உயிருக்குக் கேடு செய்பவற்றுள் நான்கே முக்கியமானவை. முதலாவது நல்ல பாம்பு. அது படமெடுத்தால் ஐயத்திற்கு இடமில்லை; படமெடுக்காதபோது சாரையைப் போல் தோன்றும். சாரைக்குக் கண் பெரியது. உதட்டோரங்களில் கருங்கோடுகள் இருக்கும். இரண்டாவது கண்ணாடி விரியன். தடித்த உடலும், முக்கோணத் தலையும், முதுகில் சங்கிலி கோத்தாற்போன்ற மூன்று வரிசைப் புள்ளிகளும் உடையது. சினந்தால் உரக்கச் சீறும். மூன்றாவது சுருட்டை விரியன். உருவிற் சிறியது, உடலை மடித்துச் செதில்களை உராய்ந்து, வாளால் மரம் அறுப்பது போன்ற ஓசை எழுப்பும். நான்காவது கட்டுவிரியன். வீட்டில் உறங்குவோர் பெரிதும் அஞ்ச வேண்டியது இதற்கே.

கட்டுவிரியன் பகலில் முடங்கிக் கிடந்து இரவில் இரை தேடுவது. கருமையான பளபளப்புள்ள உடலில் வெண்ணிற வளையங்கள் இருக்கும். தலைப்பக்கம் அவை மங்கியோ இல்லாமலோ இருந்து, வாலை நோக்கித் தெளிவாகும். நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனுக்கு இதற்கு மாறாகக் கழுத்துப்பக்கம் வளையங்கள் தெளிவாயிருந்து வாலருகே மங்கும். ஆயினும் இவ்வேற்றுமையை நம்பி அருகிற் செல்லலாகாது. விளக்கொளியில் தேர்ந்தவரும் ஏமாறுவர். கட்டுவிரியன் தரையில் படுத்துறங்குவோரைக் கடிப்பதுண்டு. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் தோன்றா. விடியற்காலையில் வயிற்றுவலியும், இமை தாழ்தலும், பேச்சுக் குழறலும், மூச்சுத் திணறலும் தோன்றும்போதே கடி நேர்ந்தது தெரியவரும். பல்தடம் தெரியவில்லை என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

பாம்பைக் காணாவிடினும் அது வீட்டில் தங்கியிருப்பதை அறிய வழியுண்டு. உரித்த சட்டை கிடந்தால் பாம்பு வந்து போனது திண்ணம். ஆனால் உரிக்கும்போது சட்டை நீண்டுவிடுமாதலால், அதன் நீளத்தைக் கொண்டு பாம்பின் நீளத்தைக் கணித்தல் தவறு. இரவில் சுவரோரத் தரையில் கோலமாவை மெல்லியதாகத் தூவி வைத்தால், காலையில் ஊர்ந்த தடம் தெரியும். சில இரவுகள் தொடர்ந்து தடமில்லையெனின் அது வெளியேறியிருக்கக் கூடும்.

பாம்பைக் கண்டால் என்ன செய்வது? குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் அகற்றுக. உள்ளறைக் கதவுகளைச் சாத்தி, வெளிக்கதவைத் திறந்து விடுக. ஒருவர் எட்ட நின்று அது செல்லும் இடத்தைக் கவனித்துக்கொண்டிருக்க, மற்றொருவர் தீயணைப்பு நிலையத்திற்கு 101 என்ற எண்ணில் சொல்லியனுப்புக. தடியெடுத்து அடிக்க முற்படுபவரே பலமுறை கடிபடுகிறார். மேலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சாரை முதலியவற்றைக் கொல்வது குற்றம். சாரையைக் கொன்ற உழவர் தம் வயலின் எலி பிடிக்கும் காவலாளியையே கொன்றவராவார். பாம்பு பழிவாங்கும் என்பதும், பால் குடிக்கும் என்பதும் வெறுங்கதைகள். பூண்டையும் நாற்றமுள்ள திரவங்களையும் தெளித்துப் பாம்பை ஓட்டிவிடலாம் என்று நம்பியிருப்பதும் வீண்.

பாம்பைக் கொல்லாமலே அதனால் பயன் பெறலாம் என்பதற்கு ஒரு கூட்டுறவுச் சங்கமே சான்றாக நிற்கிறது. பாம்புத்தோல் வாணிகம் சட்டத்தால் தடுக்கப்பட்டபின் பிழைப்பிழந்த இருளர் மக்கள் 1978ஆம் ஆண்டில் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும் இச்சங்கத்தார், மேற்கூறிய நால்வகைப் பாம்புகளைப் பிடித்து, சில வாரம் வைத்து நஞ்செடுத்துப் பின் காட்டில் விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சைக் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அவற்றின் இரத்தத்திலிருந்து முறிமருந்து ஆக்கப்படுகிறது. நாட்டின் முறிமருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதியை அளித்து வந்தது இச்சங்கமே. இருளர் சமூகத்துப் பாம்பு பிடிப்பவர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கடி நேர்ந்துவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் விலையுயர்ந்தது. கயிற்றால் இறுகக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல், மந்திரிக்கச் செல்லுதல் ஆகியவை கேடே தரும். மோதிரம், வளையல், மெட்டி இவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பு அசையாதபடி கட்டையணைத்து, நடக்க விடாமல் தூக்கிச் சென்று மருத்துவமனை சேர்க்க வேண்டும். 108 எண்ணுக்குச் சொன்னால் வண்டி வரும். கடித்த பாம்பை அடித்துக் கொண்டு போக வேண்டியதில்லை. நால்வகை நஞ்சிற்கும் ஒரே முறிமருந்துதான் இடப்படுகிறது.

வருமுன் காத்தல் இவையெல்லாவற்றினும் எளிது. தறிக்குழியில் இறங்குமுன் டார்ச் விளக்கடித்துப் பார்த்தல், இரவில் குழியைப் பலகையால் மூடுதல், மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் மரச்சட்டத்தின்மேல் அடுக்குதல், எலி வளையை அடைத்தல், விறகை வீட்டினின்று விலக்கி வைத்தல், கட்டிலில் படுத்தல், கட்டில் இல்லாதவர் கொசுவலையின் ஓரங்களைப் பாயின் அடியில் செருகி உறங்குதல் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவில்லை.

சங்கங்களுக்கும் இதில் கடமையுண்டு. இருப்புச் சரிபார்க்கக் கிடங்குகளுக்குச் செல்லும் நான் காண்பது இது: பல மாதம் அசையாத நூற்கட்டும் உரமூட்டையும் சங்கத்திற்கு நட்டம், எலிக்கும் பாம்புக்கும் மாளிகை. கிடங்கை மாதம் ஒருமுறையேனும் பெயர்த்தடுக்க வேண்டும். முறிமருந்து உள்ள மருத்துவமனை எது, நள்ளிரவில் எவர் வண்டி கிடைக்கும் என்பவற்றை இப்போதே விசாரித்தறிந்து சங்க அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதற்கொரு தீர்மானம் நிறைவேற்றினால் போதும். அங்கத்தினர் ஒருவரின் உயிர், சங்கத்தின் எந்த இருப்பினும் பெரிதன்றோ?